எட்டடிக்கு மேல் காய்த்த மிளகு

பெரும்பாறை,
மாசி 6

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் பல்வலி குறைந்ததா? போளூர் மலைக்குளிரில் பச்சைத்தண்ணீர் குடிக்காதே. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மிளகு பழுத்துவிட்டது, பறிக்க ஆள் இல்லை. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் நாற்பது வீடு. தொட்டில் கட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. வடக்கே இருந்து வந்தவர்களும் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

சூப்பர்வைசர் குமரகுரு, "பெரியவரே, ஏறுறதுக்கு ஆளில்லீங்க. எட்டடிக்கு மேல கொடிய வெட்டிவிட்ருவோம். வயசானவுக கீழ நின்னே பறிக்கட்டும்" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே நான் நட்ட கொடிகள் அவை.

"வயசானது ஆளுக்குத்தான், கொடிக்கு இல்ல. நான் ஏறுறேன்" என்றேன். மாசிக்குள் பறித்து முடித்தால் வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டான்.

மூங்கில் ஏணியைப் பிடிக்க எழுபது வயது திருமலைச்சாமி வந்தார். நேற்று தும்மல் வந்து கையை விட்டுவிட்டார். நான் கொடியைப் பிடித்து இறங்கிவிட்டேன். விழுந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நம் பேத்தி ஸ்வேதா குழந்தையே வேண்டாம் என்கிறாளாம். ஒரு பிள்ளையோடு நிறுத்திய நாம் அவளை என்ன சொல்ல முடியும்?

முழங்காலுக்குத் தைலமும் நீலக் கம்பளியும் பஸ்ஸில் கொடுத்துவிடு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. இன்னும் இருபது மரத்துக் கொடி பாக்கி இருக்கிறது. திருமலைச்சாமி இனி வரமாட்டேன் என்கிறார். ஏணியை நீ பிடித்தால் போதும், நான் ஏறிவிடுவேன்.

கடிதம் கொண்டுபோகும் ஜீப் கிளம்புகிறது.

முருகவேல்