வடக்குச் சுவரை உன் அப்பா ஃபோனில் காட்டாதது ஏன்

விகன்,
அக்டோபர் 12

அன்பு மகள் லியோனிலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதை நலம் என்றே வைத்துக்கொள். வாரம் இரண்டு முறை ஃபோனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோன் பேசும்போது உன் அப்பா என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான். எதிர்வீட்டு நெனித்தா லீவு முடிந்து நீங்கள் இருக்கிற தூரினுக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வடக்குச் சுவர் போய்விட்டது. இடிந்து விழவில்லை, உதிர்ந்துகொண்டிருக்கிறது. போன வருஷக் கடைசியில் நீ ஒரு படம் அனுப்பினாயே, நீ வேலை பார்க்கும் வீட்டுக் கூடத்தில் செங்கல் அப்படியே தெரிகிற சுவர், ‘நம்ம வீட்லயும் உள்ள செங்கல்தானப்பா, அத ஏன் மூடி வச்சிருக்கோம், என் கல்யாண விருந்து அப்படி ஒரு சுவத்துக்கு முன்னாடிதான்’ என்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் முழுக்க உளியும் சுத்தியலுமாக ஏணியில் நின்றார். இருநூறு வருஷச் சுண்ணாம்புப் பூச்சை உள்ளும் புறமும் கொத்தி எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. ஒரு செங்கலில் நாயின் கால்தடம்கூட இருந்தது, சூளைக்குப் போகும் முன் ஈரத்தில் மிதித்துவிட்டு ஓடியிருக்கிறது. குதிரைவண்டியில் வருகிற வெளியூர்க்காரர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள், அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு போய் அவர்களோடு நின்றார்.

ஜூலையில் மழை பிடித்தது. சுவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. காலையில் பெருக்கினால் முறம் முறமாகச் சிவப்பு மாவு, விரலால் தொட்டால் செங்கல் பிட்டுப் போல உதிர்ந்தது. அப்பா பயந்துபோய் யாரையும் கேட்காமல் சிமெண்ட் வாங்கிவந்து முழுச்சுவருக்கும் கனமாகப் பூசிவிட்டார். அதுதான் வினை. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் மேலே ஏறி, மாடியைத் தாங்குகிற உத்தரத்தின் நுனிகளைப் பிடித்துவிட்டது. பழைய வீடுகளைப் பார்க்கிற கொத்தனார் தொனாதோவை நான்தான் கூட்டிவந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, தோலை உரிச்சுப்போட்டு அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தீங்களாக்கும், அப்புறம் பாலித்தீன் பையைப் போட்டு வேற மூடிட்டீங்க’ என்றார். சிமெண்டை எல்லாம் எடுக்க வேண்டுமாம், ஒரு முழுக் கோடை சுவர் காய வேண்டுமாம், பிறகுதான் சுண்ணாம்பாம். அதுவரை மாடியில் நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாதாம், கீழே கூட்டமே கூடாதாம். பிழைக்குமா என்று கேட்டேன், ‘பாதிச் சுவர் பிழைக்கும்’ என்றார்.

ஆக, ஜனவரியில் விருந்து இந்த வீட்டில் நடக்காது மகளே. அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஃபோனை நாங்கள் எப்போதும் படிக்கட்டுப் பக்கமே திருப்பிப் பிடிப்பதை நீ கவனித்தாயோ என்னவோ. கட்டிலை அடுப்படி ஓரத்துக்கு மாற்றிவிட்டோம், எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உன் அத்தை பசிலியா வந்து, ‘சுவத்துல உளிய வைக்கிறதுக்கு முன்னாடி செத்துப்போன பெரியவங்களுக்கு ஒரு தட்டு சோறு வைக்கத் தெரியலையாடா உனக்கு, அம்புட்டு பேரும் கோவிச்சுக்கிட்டாங்க’ என்று வாசலிலேயே நின்று ஏசினாள். இப்போது மனிதர் தினமும் காலையில் அந்தச் சுவரடியில் சோறும் ஒரு மடக்குக் கரும்பு மதுவும் வைக்கிறார். எறும்பு வருகிறது, பெரியவர்கள் வந்தார்களா தெரியாது.

ஆனால் ஒன்று. அத்தை கேட்டாள், தொனாதோ கேட்டார், தெருவே கேட்டது, இது யார் கொடுத்த யோசனை என்று. எல்லாரிடமும் ‘என் புத்திதான், வேற யாரு’ என்றுதான் சொன்னார். சுவர் கெட்டதிலிருந்து உன் படத்தைப் பற்றி என்னிடம்கூட மூச்சு விடவில்லை. எனக்கு ஆத்திரமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. உன்னைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதுகிறேன்.

நீ ஒன்று செய். மாப்பிள்ளை வீட்டார் சர்ச் மண்டபத்தில்தான் விருந்து வேண்டும் என்கிறார்கள், மறுக்க முடியவில்லை என்று நீயே அப்பாவிடம் சொல்லிவிடு. அவர் கொஞ்சம் கோபப்படுவது போல் காட்டிக்கொள்வார், காட்டிக்கொள்ளட்டும். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு. இன்னும் ஒன்று, நீ எப்போது கூப்பிட்டாலும் ‘வீடு எப்படிப்பா இருக்கு’ என்றுதான் ஆரம்பிக்கிறாய். இந்த ஒரு முறை, ‘நீங்க எப்படிப்பா இருக்கீங்க’ என்று கேள்.

உன் அம்மா,
பசிபிகா