கார் ஜன்னலை இறக்கச் சொன்ன காரணம்

குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கணும். இங்க நாங்களும் சுகம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், முக்கால்வாசி சுகம்னு வச்சுக்கோ. மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன்ல பேசினா உன் அம்மா ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்குவா, அவளை வச்சுக்கிட்டே அவளைப் பத்தி எப்படிப் பேசுறது. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் பதறு, நடுவுல பதறாதே.

முதல்ல என் கதை. டிரைவிங் ஸ்கூல்ல என்கிட்ட ஓட்டக் கத்துக்க வர்றவங்க கொஞ்ச நாளாவே ஏறி உக்காந்ததும் ஜன்னலை இறக்கிக்கவா சார்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஏசி ஓடுது, வெளியில மழை கொட்டுது, அப்பவும் கேக்குறாங்க. ஸ்டீயரிங் பிடிக்கிற பயத்துல வேர்க்குது போலன்னு நானும் இறக்கிவிட்டு, நனைஞ்சுக்கிட்டே கிளட்சை மிதிங்கன்னு கத்திக்கிட்டு இருந்தேன். ஒரு பேங்க்காரம்மா பாடம் முடியற வரைக்கும் அந்தப் பக்கக் கண்ணாடியையே பாத்துக்கிட்டு ஓட்டினாங்க, கண்ணாடி பாக்குறதுல கெட்டின்னு அவங்களைப் பாராட்டி வேற விட்டேன். கடைசியில முதலாளி தனியாக் கூப்பிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க, வாய் நாறுதுன்னு வேற ஆளைக் கேக்குறாங்க, இப்படியே போனா உங்களை வண்டியில அனுப்ப முடியாதுன்னுட்டார். நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து உன் அம்மாகிட்ட வாயைத் திறந்து காட்டி, நிஜத்தைச் சொல்லு, நாறுதான்னு கேட்டேன். கிட்ட வந்து மோந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லையேன்னா. தினம் காலையில கேட்டேன், தினம் அதே பதில். கட்டின பொண்டாட்டி பொய் சொல்லுவாளா? அவளை நம்பி முதலாளிகிட்ட சண்டையே போட்டேன். ஆனா மனசு கேக்கல. வயித்துக் கோளாறா இருக்கும்னு காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன், கிராம்பை மென்னேன், மிட்டாயாச் சப்பினேன். உள்ள ஏதோ அழுகுது, பெரிய வியாதிதான்னு நானே முடிவு கட்டிக்கிட்டு, ஒருவழியா பல் டாக்டரம்மாகிட்ட போனேன்.

முக்காவாசிப் பேருக்கு நாத்தம் வயித்துலேருந்து வர்றதில்லை, வாய்க்குள்ளேருந்தேதான் வருதுன்னாங்க. என் ஈறு பல்லை விட்டு விலகி, அந்தச் சந்துல அழுக்கு சுண்ணாம்புக் காரை மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்காம். நாக்குல வெள்ளையா ஒரு படலம். போதாததுக்கு பிரஷர் மாத்திரை வாயைக் காய வைக்குது, நானோ வண்டியை விட்டுட்டு ஒதுங்க இடம் இல்லைன்னு பகல் முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்லை. எச்சில் ஊறாத வாயில நாத்தம் குடியேறிடுமாம். பட்டினி கிடந்ததும் மிட்டாயும் எரியிற தீயில எண்ணெய் ஊத்தின கதைதான். சுரண்டிச் சுத்தம் பண்ணி விட்டாங்க. படுக்கப் போறப்பவும் பல் தேய்க்கணும், இடுக்குல நூல் விட்டு எடுக்கணும், நாக்கை வழிக்கணும், தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும், மாத்திரையை மட்டும் நானா நிறுத்தாம எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேக்கணும். தன் வாய் நாத்தம் தன் மூக்குக்குத் தெரியாது, வீட்டுல யாரையாவது கேட்டிருக்கலாமேன்னாங்க. கேட்டேனேன்னு முனகிட்டு எழுந்து வந்தேன்.

வந்ததும் வராததுமா உன் அம்மாமேல பாஞ்சேன். எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ ஏன்டி மறைச்சேன்னு கத்தினேன். அவ அடுப்பை அணைச்சா. அப்புறம், "நான் பொய் சொல்லலைங்க. படுத்த படுக்கையாக் கிடந்தேனே, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசமும் தெரியறதில்லை"ன்னா. சொன்னா அடுப்புகிட்டயே விடமாட்டீங்கன்னு பயந்து மூடி வச்சிருந்தாளாம். முன்னாடி ஒருநாள் பால் தீஞ்சு வீடெல்லாம் நாறினப்போ இவ பாட்டுக்குத் தையல் மிஷின்ல உக்காந்திருந்தா, மரம் மாதிரி இருக்கியேன்னு திட்டினேன்மா.

இப்ப என் வாய் தேவலாம். போன வாரம் மழையில பேங்க்காரம்மாவே கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா சந்தோஷப்பட விடுதா இந்த மனசு? காலையில கேஸை மூடிட்டுத்தான் கிளம்புறேன், தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாக்குறேன். கேஸ் கசிஞ்சா அவளுக்குத் தெரியாது, தனியா இருக்கா. பக்கத்துல ஒருத்தர் வண்டியைத் திருப்பிக்கிட்டு இருக்காரு, என் புத்தி அடுக்களையில நிக்குது. மூக்கு டாக்டர்கிட்ட வான்னா, வயசானா அப்படித்தான், போங்கன்னு தட்டிக் கழிக்கிறா. சிலருக்குத் திரும்புமாம், ஆனா நாள் கடத்தக் கூடாதுன்னு பல் டாக்டரம்மாவே சொன்னாங்க. என் பேச்சு எடுபடல, நீ சொன்னாத்தான் கேப்பா. திட்டிடாதே, ஏற்கெனவே நான் திட்டினது போதும். அப்பா எழுதினார்னே சொல்லு, பரவாயில்லை.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நீண்ட காலம் நல்லா இருங்க. வேலை வேலைன்னு தண்ணி குடிக்க மறந்துடாதே. ஞாயித்துக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசிடு, தள்ளிப் போடாதே.

இன்னொண்ணு. நீ போனதுலேருந்து உன் தலையணை உறையைத் துவைக்காமலே அலமாரியில வச்சிருந்தா, சாயங்காலமானா எடுத்து மூஞ்சில வச்சுக்குவா, நான் கேலி பண்ணுவேன். அந்தக் காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒருநாள் அதைத் துவைச்சுக் கொடியில போட்டிருந்தா. பரவாயில்லை, உன் அம்மா மனசு தேறிட்டான்னு நான் நினைச்சேன்.

உன் அப்பா