கூரைமேல் காயும் தமேன்

குமாரின் தாத்தாவுக்கு, என் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்க்கிறவருக்கு,

உங்கள் வண்டியின் கூரையை அறுத்துவிட்டோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டாம்.

வெள்ளைக்காரன் காலத்து இரண்டு கதவுக் கார். போட்டாதாங் கிடங்குச் சந்தில், நம் பட்டறைக்குள் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவன் நம் பேரன்தான். உங்களிடம் படித்த தகர வேலையில் இன்று இந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மழை விட்ட சமயம் ஒருவர் வந்தார். அவர் பேரை யாரும் சொல்வதில்லை, முதலாளி என்றுதான் சொல்கிறார்கள். எல்லைப் பக்கம் பெரிய மதில் போட்ட இடம் வைத்திருக்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று டீக்கடையில் கேட்டால் எல்லோரும் குனிந்து டீயைக் குடிக்கிறார்கள். அவர் நம் வண்டியைச் சுற்றி வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"இதை நாலு விரல் இறக்கு. ஜன்னல் எல்லாம் கீற்றாத் தெரியணும். உள்ளே யார் இருக்கான்னு வெளியே தெரியக்கூடாது. முடிஞ்சதும் வண்டியோட பையனும் வரட்டும். அங்கே என் வண்டிகளை இவன்தான் பார்க்கணும்" என்று பர்மாப் பேச்சில் சொன்னார்.

அவர் கேட்கவில்லை, சொன்னார். இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

நம் பக்கத்து வீட்டு டாவ் தின்னின் மகன் அவரிடம்தான் டிரைவராகப் போனான். முதலில் அடிக்கடி போனில் பேசினான். பிறகு, "அம்மா, சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்வான், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி. இப்போது மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அந்த அம்மா தினமும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அரிசி களைகிறாள்.

குமாரிடம் இதைச் சொன்னேன். அவன் வெல்டிங் கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை.

"மப்பூனே ஆயா, கவலைப்படாத. அவனுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், எனக்குத் தொழில் தெரியும். இந்த வண்டிக்கு நான் வேணும், அதான் கூப்பிடுறாரு. இங்க மட்டும் என்ன, தெருமுனைக்குப் போனா பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க. எத்தனை நாளைக்கு உன் கட்டிலுக்கு அடியிலயே ஒளியிறது?"

இங்கேயும் பயம், அங்கேயும் பயம். ஆனால் இங்கே பயப்படும்போது அவன் என் கண்ணெதிரே இருக்கிறானே.

வேலையைத் தொடங்கினான். அறுக்கும்போது வண்டியின் உடம்பு தொய்ந்தால் பிறகு கதவு சாத்தாது என்று, முதலில் உள்ளே குறுக்கும் நெடுக்கும் கம்பி வைத்துப் பற்றவைத்தான். பிறகு தூண்களில் கோடு போட்டான். ஜெனரேட்டர் புகைக்கு நடுவே ரம்பம் கத்தியது. ஒவ்வொரு தூணாக விட்டது. நாலு பேர் கூரையைத் தூக்கி முக்காலிகள்மேல் வைத்தார்கள். தலை இல்லாமல் நின்றது வண்டி.

அன்று துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

ஞாபகம் இருக்கிறதா, கியாக்தான் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய நாள்? ஆளேற்றும் லைன் காருக்குள் நிற்க இடமில்லை. "நானும் கூரைமேல ஏறிக்கிறேன்" என்றேன். வண்டியில் இருந்த ஆண்கள் எல்லோரும் பதறினார்கள். ஆண்கள் தலைக்கு மேலே பொம்பளை உட்காரலாமா, இடுப்பில் கட்டியிருக்கிற தமேன் துணி மேலே போகலாமா, இருக்கிற சக்தியெல்லாம் இறங்கிவிடாதா? நீங்களும் பர்மாக்காரர் மாதிரிக் கையை ஆட்டினீர்கள். "ஏறினா நீ ஏறிக்க, நாங்க எல்லாரும் நடந்து வர்றோம்" என்று ஒரு கிழவர் சொல்ல, வண்டியே சிரித்தது. வீட்டிலும் என் தமேனை முன்பக்கக் கொடியில் போடவிட்டதில்லை நீங்கள்.

கையில் மந்திரித்த கயிறும் கழுத்தில் தாயத்துமாக அலைகிறவர் முதலாளி. ஆகவே ஈரத் தமேன்களை எடுத்துப்போய் அந்தக் கூரைமேல் விரித்தேன். ஒரு ஓரத்தில் நானும் ஏறி உட்கார்ந்து பூண்டு உரித்தேன். அந்தக் கூரைக்குக் கீழே அவர் தலை இனி வராது. வண்டி வேண்டாம் என்றால் பையனும் வேண்டாம்தானே?

குமார் ஓடி வந்தான். "ஆயா, இறங்கு. அவரு வர்ற நேரம்."

"வரட்டும். வயசானவ, உட்கார ஒரு இடம் வேணாமா?"

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இது என் புருஷன் வண்டி. இதைவிட நல்ல இடம் எங்க இருக்கு?"

முதலாளி வந்தார். கூட வந்த இருவரில் ஒருவன் கூரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளி வாசலிலேயே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. கிழவிகளைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"அப்வா, துணி நல்லாக் காயட்டும். வண்டியை நீயே வச்சுக்க. பையன் போதும். பௌர்ணமி கழிஞ்சு ஆள் அனுப்புறேன்."

போய்விட்டார். குமார் ரம்பத்தைக் கீழே வைத்தான். வண்டிக்காகத்தான் தன்னைக் கேட்கிறார் என்று இத்தனை நாள் நம்பியவன். அந்த ஒரு பேச்சில் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஆயா, டாவ் தின் மகனையும் டிரைவர் வேலைக்குன்னுதானே கூப்பிட்டாங்க?" என்று மட்டும் கேட்டான்.

நான் கூரையிலிருந்து இறங்கினேன். என் கணக்குத் தப்பிவிட்டது. ஆனாலும் அவன் கண் திறந்தது. எது நல்லது, எது கெட்டது என்று என் அஞ்சாம் வகுப்புப் புத்திக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

நிலா ஏறிக்கொண்டே வருகிறது. குமார் கூரையைப் பழைய உயரத்திலேயே பொருத்திப் பற்றவைக்கிறான். தழும்பு தெரியும், பரவாயில்லை. சந்தின் கோடியில் யாருடையது என்று தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று இரண்டு நாளாக நிற்கிறது. அதில் இருப்பவன் எதுவும் வாங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை.

நம் வாசலுக்கு மேலே குறுக்கே கொடி கட்டியிருக்கிறேன். என் தமேன் அத்தனையும் அதில் தொங்குகிறது. டாவ் தின் ஒன்றும் கேட்காமல் தன்னுடையதையும் கொண்டுவந்து கட்டினாள். எதிர்வீட்டுப் பெண்களும் கட்டினார்கள். குமார் அதன் அடியில்தான் போய் வருகிறான். "என் சக்தி எங்கேயும் இறங்கலை ஆயா" என்கிறான். வருகிறவர்களுக்கும் அந்தத் தைரியம் இருக்குமா? அனுப்புகிறவர் நம்புகிறார். அவர் அனுப்பும் ஆள் நம்பாதவனாக இருந்துவிட்டால்?

நீங்கள் என்னைப் பார்க்க வருவதானால் பின்பக்கமாக வாருங்கள். முன்வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் அங்கேதான். கொடியைத் தாண்டி ஒருவன் வந்தாலும், அடுத்து என்னைத் தாண்டவேண்டும். உங்கள் பேரனை எழுந்து நின்று அனுப்பிவைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வண்டிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்த
உங்கள் வீட்டுக்காரி,
குமாரின் ஆயா