வாசலில் நீ நின்ற மத்தியானம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுவது நான்தான், "பசங்க காதைத் திருகின கை, மெதுவா விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேலி செய்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. தாமதம் முழுக்க என்னுடையது. லேசர் என்றால் பிழையே வராது என்று எங்கோ படித்துவிட்டு, இங்குள்ள கண் மருத்துவமனைக்கு அந்த இயந்திரம் வரட்டும் என்று அவளைக் காக்க வைத்தேன். வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, புரை முற்றிக் கெட்டியாகிவிட்டது, லேசர் இதற்குள் சரியாகப் போகாது, வழக்கமான முறையில்தான் எடுக்க வேண்டும் என்றார். "லேசர்ல வெட்டு சீரா விழும் சார், ஆனா அதுக்கப்புறம் புரையை எடுக்கிறது எங்க கைதான். பெரும்பாலானவங்களுக்குப் பார்வையும் பாதுகாப்பும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்பவே வந்திருக்கலாமே" என்றார். ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டாலும் விடை ஒன்று என்று முப்பத்துநாலு வருடம் பலகையில் எழுதியவன் நான்.

இனிதான் சொல்ல வேண்டியது. அம்மா சம்மதிக்காத உன் கல்யாணத்துக்கு அப்புறம் நீ முதல்முறை வந்தாயே, அந்த மத்தியானம் கதவைத் திறந்தபோது வெயில் முழுக்க உன் முதுகுக்குப் பின்னால். நீ பேசாமல் நின்றாய், அம்மா சிரிக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. "பெத்த பொண்ணை யாரோ மாதிரி பாக்குறாங்கப்பா" என்று அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டாய். புரை விழுந்த கண்ணுக்கு எதிர்வெளிச்சம் என்பது ஆவி படிந்த கண்ணாடியில் டார்ச் அடிப்பது போல, எதிரில் நிற்பவர் முகமே தெரியாது. கூரியர் கொண்டுவந்த பெண் என்று நினைத்தாளாம். நீதான் என்று தெரிவதற்குள் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாய். அப்புறமும் அவள் சொல்லாததற்குக் காரணம் வீம்பு. எல்லாம் தெரிந்து நடுவில் நின்ற நான் சொல்லாததற்குக் காரணம் பயம். சொன்னால், இன்னும் ஏன் ஆபரேஷன் பண்ணலை என்று நீ என்னைத்தானே கேட்டிருப்பாய்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உங்கள் இருவரையும் இரண்டு வருடம் பேசாமல் இருக்கவிட்டேன்.

கட்டு அவிழ்த்த மறுநாள், அன்று நீ வந்த சந்தோஷத்தில் வாசலிலேயே நான் போனில் எடுத்த உன் படத்தைக் கேட்டாள். வெளிச்சத்தைக் கூட்டி முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், வெகுநேரம் பார்த்தாள். "அழுதுக்கிட்டு நின்னிருக்கா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று, இனி எந்த இயந்திரத்துக்கும் காத்திருக்க மாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, எனக்கு இல்லை, அவள் நம்பருக்கு. ஒன்றை மறக்காதே, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே. வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும்.

உன் அப்பா