சிவம் பிடித்த பந்து

7.9.86 ஞாயிறு. லுசேர்ண், சுவிஸ்

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. மைதானம் முழுக்கச் சேறு. ஹோட்டலில் மதிய வேலை முடித்து இரண்டரைக்கு மாட்ச். இரவுச் சாப்பாட்டு வேலைக்கு ஐந்துக்கெல்லாம் எல்லாரும் திரும்ப வேண்டும். பாதிக்கு முப்பது நிமிடம்தான்.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர், எதிர்க் கல்லூரிப் பழைய மாணவர். ஊர்ப் பகை ஒரு சொட்டும் குறையாமல் விமானம் ஏறி வந்திருக்கிறது. நடுவர் நான். முழங்கால் போனவனுக்கு வேறென்ன வேலை? நான் எங்கள் பக்கத்து ஆள் என்று அவர்கள் இழுத்தார்கள். கடைசியில் எங்கள் சங்கத் தலைவர் குணம் அண்ணையின் அறையில், முருகன் படத்துக்கு முன்னால், பக்கம் பார்க்கமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். அதன் பிறகுதான் சம்மதம்.

பார்க்க வந்த இரண்டு பக்கத்து ஆட்களும் சட்டி, மூடி, கரண்டியோடு வந்து தட்டினார்கள். முதல் பாதியில் அவர்கள் கேட்ட பெனால்டியைக் கொடுக்கவில்லை. சரியான தீர்ப்புத்தான். "கற்பூரம் கையிலை சுடேல்லையோ?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அது காதிலேயே நின்றது.

முடிய மூன்று நிமிடம். அவர்களுக்குக் கோர்னர். எங்கள் கோலில் சிவம். பந்தைப் பிடித்தபடி பின்னால் விழுந்தான். வலை கிடையாது. "கோல்! கோல்!" என்று ஒரே சத்தம். நான் ஏழெட்டு அடி தூரத்தில். பந்து கோட்டைத் தாண்டவில்லை, கோட்டிலேயே நின்றது. கண்ணால் கண்டேன். விசில் ஊதி, கோல் என்று நடுவைக் காட்டினேன்.

0-1.

சிவம் சண்டைக்கு வரவில்லை. "நீ கண்டனி தானே?" என்று மட்டும் கேட்டான்.

"தாண்டிட்டுது" என்றேன்.

8.9 திங்கள்

வெயில். ஹோட்டலில் கோப்பை கழுவும் மெஷினில் சிவம் அடுக்கிவிட, மறுபக்கம் நான் எடுப்பது. இன்று முழுக்க ஒரு சொல் இல்லை. நாங்கள் இருவரும் இருக்கும் அறையிலும் அப்படியே. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. எட்டாம் வகுப்பிலிருந்து அவன் கோலி, அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரன் நான்.

வாங்க: சவர்க்காரம், முத்திரை, முழங்காலுக்கு எண்ணெய்.

10.9 புதன்

குணம் அண்ணை ஃபோன் எடுத்தார். "சிவம் மாட்சை வித்துப்போட்டானாம். அவன்ரை அக்கா புருசன் அவங்கடை கல்லூரி தானே. பிடிச்ச பந்தோடை சும்மாவோ உள்ளுக்கை விழுந்தவன்?"

"அப்பிடி இராது அண்ணை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வெட்கமாயிருக்கிறது.

சத்தியம் பண்ணியதால் வந்த பொய் இது. பண்ணாமல் இருந்தால் கண்டதைக் கண்டபடி சொல்லியிருப்பேன். நேர்மையாய் இருப்பதைவிட நேர்மையானவன் என்று பேர் எடுக்கத்தான் எனக்கு ஆசை.

தலையிடி.

12.9 வெள்ளி

இன்று மெஷினடியில் சொல்லிவிட்டேன். "மச்சான், பந்து தாண்டேல்லை."

அவன் தட்டு அடுக்குவதை நிற்பாட்டவில்லை. "அது எனக்குத் தெரியும். எனக்கேன் சொல்றாய்? அவங்களுக்குச் சொல்லு. நான் வித்தவன் எண்டு ஆராவ் ஊர் வரைக்கும் கதை போயிட்டுது."

"இருபத்தொண்டாம் திகதி சங்கக் கூட்டத்திலை சொல்லுறன்."

"அதுக்கு முதல் சொல்லேலாதோ?"

"எல்லாரும் வாற இடத்திலை சொன்னால்தானே நல்லது."

"ம்" என்றான். என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. உண்மையில், ஒன்பது நாள் கிடைத்ததே என்று ஆறுதல்.

இரவு அவன் கேட்காமலே தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனி கொஞ்சம் கூடுதலாய்.

18.9 வியாழன்

நல்ல குளிர். மலையில் பனி விழுந்ததாம்.

வேலை முடிந்து வந்தால் சிவத்தின் கட்டில் வெறும் மெத்தை. பை இல்லை. சப்பாத்து இல்லை. கீழே ஓடிப்போய்ச் சமையல்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. அகதி விண்ணப்பம் நிராகரித்த கடிதம் மாட்சுக்கு முதலே வந்துவிட்டதாம். நாட்டை விட்டுப் போகக் கொடுத்த தவணை இந்தக் கிழமையோடு சரி. யாரோ காரில் பிரான்ஸ் பக்கம் கொண்டுபோகிறார்களாம்.

இங்கே தன்னுடைய கடைசி மாட்ச் என்று தெரிந்துதான் கோலில் நின்றிருக்கிறான்.

மேசை, தலையணைக்குக் கீழ், அலுமாரி, எல்லாம் தேடினேன். எனக்கு ஒரு துண்டும் எழுதி வைக்கவில்லை. என்னுடைய அழுக்குச் சட்டை இரண்டையும் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறான். அழுதேன்.

21.9 ஞாயிறு

கூட்டத்துக்கு முப்பது பேர் வரை. எதிர்க் கல்லூரிக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். சங்கக் கணக்கு, கலைவிழா, மண்டபம், எல்லாம் கதைத்து முடியும் வரை இருந்தேன். பிறகு எழும்பினேன்.

"அண்டைக்குப் பந்து தாண்டேல்லை. நான் கண்டனான். கண்டும் கோல் குடுத்தனான். சிவத்திலை ஒரு பிழையும் இல்லை."

குணம் அண்ணை சொன்னார்: "அவன் போயிட்டான் தானே தம்பி. இனி அதைக் கதைச்சு என்ன?"

எதிர்க் கல்லூரிக்காரன் ஒருவன்: "பரவாயில்லை, ஒளிக்காமல் ஒத்துக்கொண்டான். இவன் நேர்மையான ஆள். அடுத்த முறையும் இவனையே நடுவரா விடுவம்."

கை தட்டினார்கள். எனக்கு. பிறகு வடை வந்தது. சிவம் விற்கவில்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவன் பேரையே பிறகு யாரும் எடுக்கவில்லை.

அறைக்கு வந்து எழுதினேன். "அன்பின் சிவம், எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்." உறையில் போட்டு மூடினேன். முத்திரையும் ஒட்டினேன். பேர் எழுதினேன். அதற்குக் கீழே எழுத விலாசம் இல்லை. அவனுடைய அக்காவின் விலாசமும் அவனிடம்தான் இருந்தது.