புளி போட்டுத் துலக்கிய சோழர் காசும் அமிர்தம் மீதான பழியும்

அனுப்புநர்:
இ. சம்ரீன்,
முன்னாள் வரலாற்று ஆசிரியை,
பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஸ்ரீரங்கம் ஆற்றில் கிடைத்த பழங்காசை அரசிடம் ஒப்படைத்த திருமதி அமிர்தம் மீது சுமத்தப்பட்டுள்ள மோசடிப் பழியை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘காசின் கதை’ என்ற பெயரில் நாணய வரலாற்றுக் காணொளிகள் எடுத்து இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். என் கணவர் குவைத்திலிருந்து வாங்கி வந்த கைபேசியும் துணி காயும் கொடியில் கட்டிய விளக்கும்தான் என் படப்பிடிப்புத் தளம். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் ஒன்று சொல்வேன்: பழங்காசு கிடைத்தால் கழுவாதீர்கள், விற்காதீர்கள், அரசிடம் கொடுங்கள். இந்த வினை அங்கேதான் தொடங்கியது.

2. திருமதி அமிர்தம், அம்மா மண்டபம் படித்துறையில் பக்தர்கள் ஆற்றில் போடும் சில்லறையைச் சல்லடையால் சலித்தெடுத்துப் பிழைப்பவர். சென்ற கோடையில் தண்ணீர் வற்றியபோது சதுரமான செப்புக் காசு ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வால் தூக்கிய புலி, ஒரு மூலை உடைந்திருந்தது. முற்காலச் சோழர் காசு அது. ஒரு வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காமல், என் காணொளியைப் பார்த்திருந்ததால் என்னைத் தேடி வந்தார். நான் அதைக் காணொளியாக எடுத்த பிறகு இருவருமாகச் சென்று அரசிடம் ஒப்படைத்தோம். அன்று அவரை மேடையேற்றிச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

3. காசு பின்னர் மாணவர்களுக்கான வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நடத்திய குழுவிடம் போனது. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று, குத்துவிளக்கைத் துலக்குவதைப் போல அதைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பச்சைக் களிம்போடு உருவங்களும் போய்விட்டன. “அழுக்கா இருந்துச்சும்மா, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு தேச்சோம்” என்று குழுவின் பொறுப்பாளர் என்னிடம் பெருமையாகவே சொன்னார். இத்தனை நூற்றாண்டு வெள்ளம் செய்யாததை எலுமிச்சையளவு புளி செய்து முடித்தது.

4. போதாக்குறைக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் காணொளியையும் பக்கத்தில் ஓடவிட்டார்கள். திரையில் புலி, கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் தகடு. இரண்டும் வேறு வேறு காசா என்று பார்வையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். புளி போட்டதை ஒப்புக்கொண்டிருக்கலாம். மாறாக, அமிர்தம் அசலை விற்றுவிட்டுப் போலியைக் கொடுத்தார் என்று காவல்துறைக்குப் புகார் எழுதிவிட்டார்கள். பெருமையாகச் சொன்ன அதே பொறுப்பாளர்தான் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்.

5. அமிர்தம் இப்போது விசாரணைக்கு அலைகிறார். படித்துறையில் உடன் சலிப்பவர்களே திருடி என்று விரட்டுவதால், ஆள் நடமாட்டமில்லாத வேறு கரையில் சலிக்கிறார். “அன்னைக்கே வித்துட்டுப் போயிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமாம்மா?” என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

6. உடைந்த மூலை என் காணொளியில் தெளிவாகத் தெரிகிறது. பெட்டியில் உள்ள காசின் மூலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க நிபுணர் ஒருவரை அனுப்புங்கள். உண்மை தெரிந்ததும் புகாரைத் திரும்பப் பெறச் செய்து, சால்வை போர்த்திய அதே மேடையில் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்க வேண்டுகிறேன். அக்குழுவிடம் மீதமுள்ள காசுகளையாவது புளியிலிருந்து காப்பாற்றுங்கள்.

7. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை அமிர்தத்தின் சல்லடையில் இன்னொரு சதுரக் காசு வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், கைபேசியும் கையில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை ஆழமான இடமாகப் பார்த்து வீசிவிட்டார். நான் படம் எடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

ஆகவே ஐயா, விரைந்து நடவடிக்கை எடுங்கள். பழங்காசு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் பதிலைப் பார்த்த பிறகே நான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
இ. சம்ரீன்