ஐஸ் கை

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். திருவொற்றியூர் பயிற்சிக்குப் பன்னிரண்டு பெண்களும் ஆஜர். பயிற்சி முடிந்தால் அவரவர் குப்பத்திலேயே சுகாதாரப் பணி.

பாடம்: விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர். 95க்குக் கீழே போகக்கூடாது. மேரிக்கு 84! பதறிப்போனேன். அவள் சிரிக்கிறாள்.

"இன்னா மேடம், விடியக்காலைலேர்ந்து ஐஸ்ல கைய வச்சிகினு இருந்தேன்ல."

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவள். சூடான டீ டம்ளரைப் பிடிக்கச் சொன்னேன். 98. மீன்காரர்களுக்கு முதலில் கை சூடு, பிறகு மீட்டர் என்று போர்டில் எழுதினேன், ஏதோ என் கண்டுபிடிப்பு மாதிரி. ஆளுக்கொரு மீட்டர் கொடுத்தனுப்பினேன்.

வாங்க: பஞ்சு, பேட்டரி 4, துவரம்பருப்பு.

நவ. 11, செவ்வாய்

எழுத்துத் தேர்வு. வேலை பதினோரு பேருக்குத்தான். மேரியின் தாள் பாதி காலி. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், எழுத வராது. படிவம் நிரப்பத் தெரியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவள் பெயரைக் கழித்துப் பட்டியலை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்ல தைரியம் வரவில்லை. தயிர் சாதம், பாதியில் எழுந்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

காலை ஆறரைக்கு மார்க்கெட்டிலிருந்து மேரி போன். பக்கத்துக் கூடைக்காரி தனம் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதாம். மீட்டரில் 81.

"ஐஸ் கைதானேம்மா? டீ டம்ளர் குடு," என்றேன், பல் தேய்த்துக்கொண்டே.

"குட்த்துட்டேன் மேடம். கை சுடுது. அப்பவும் அதேதான் கீது."

"மீட்டர் கோளாறா இருக்கும். வகுப்புக்கு எடுத்துட்டு வா."

வரவில்லை. எரிச்சலோடு ஆப்சென்ட் போட்டேன். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"நானும் டம்ளர புட்சிட்டு எம் வெரல்ல மாட்டிப் பாத்தேன். தொண்ணூத்தெட்டு. அப்ப மீட்டர் நல்லாத்தான கீது? ஆட்டோல இட்டாந்துட்டேன்."

நிமோனியா. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். இருபது வருட நர்சு நான். வெட்கமாக இருக்கிறது.

நவ. 14, வெள்ளி

வெயில். பட்டியலை ஒட்டும் நாள். மேரி முதல் ஆளாக வந்தாள்.

"எம் பேரு லிஸ்ட்ல கீதா மேடம்?"

"இல்லம்மா. நான்தான் எடுத்துட்டேன்."

மடியிலிருந்த மீட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அந்த மீட்டர மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. மார்க்கெட்ல இன்னும் ரெண்டு பேரு இருமிகினு கீறாங்கோ."

ஆபீசுக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, மேரியைச் சேருங்கள், அவள் படிவங்களை நான் எழுதுகிறேன் என்றேன். திங்கள் நேரில் வரச் சொன்னார்கள். சொல்லலாமென்று திரும்பினால் ஆளைக் காணோம். மீட்டரோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.